பூட்டுப் போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் விடுதியின் முன்னறையில், அறைச் சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. பால் தூக்கலாக விட்ட டீயின் நிறம். முகப்பில் அந்தக் காலத்து ஃப்ளாப்பி நுழைகிற வாய் இரண்டு, ஒரு சதுரப் பொத்தான், அதன் பக்கத்தில் பச்சையாக எரியும் இரண்டு இலக்கங்கள். நாற்பத்தேழு. அதற்குக் கீழே பீரோவுக்குப் போடுவதைப் போல ஒரு பூட்டு. தங்க வருகிறவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதுவதற்கு முன்பே அதைத் தட்டிப் பார்க்கிறார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், இன்னுமா இது ஓடுகிறது என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பது உங்கள் ஆபீசில் இருப்பதைவிடப் புதிது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. நானும் அந்த ரகம்தான்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் தொங்கவிட்டுப் பார்க்காமல் உள்ளே எடுக்க மாட்டேன். பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு கொண்டுவருகிறவர் எத்தனை வருடப் பழக்கமானாலும், மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டு ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்த பிறகுதான் மறுபேச்சு. தேன் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, குமிழி எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பார்ப்பேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் விடுதி நடத்துகிறவளுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். சீசன் ஊரில், வந்து போகிறவர்கள் தலையில் மிளகாய் அரைக்க எத்தனை வழி இருக்கிறது என்பது உள்ளூரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த வழிகளில் ஒன்றிரண்டு எனக்கும் தெரியும். அதனால்தான் யாரையும் நம்ப முடியாமல் போனதோ என்னவோ.

பஜார் ஏற்றத்தில் கடை வைத்திருந்தவரை எல்லோரும் கம்ப்யூட்டர் பாய் என்பார்கள். பழனியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் குடும்பம். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் மலையேறி வந்தவர். என் வயதுதான் இருக்கும். வருடம் முழுக்கக் கழுத்தில் ஒரு சாம்பல் நிற மஃப்ளர். பேச்சு மிக மெதுவாக வரும். வாய்க்கு வந்த வாக்கியத்தை வெளியே விடுவதற்கு முன்னால் உள்ளேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறாரோ என்று தோன்றும். பாதி சொல்லிவிட்டு நிறுத்துவார். அவசரக்காரர்கள் அதற்குள் மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். நான் அவசரக்காரி.

அவருக்கு ஒரு பித்து உண்டு. பள்ளிக்கூடங்களும் ஆபீசுகளும் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை வாங்கி, தேய்த்துக் கழுவி, கடையின் பின்சுவர் முழுக்க அடுக்கி வைத்திருந்தார். கேட்பவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் இன்றைய கம்ப்யூட்டரை வைத்துக் கொடுப்பார். பழைய தகரத்தில் துளைகள் ஓரிடத்தில் இருக்கும், புதிய போர்டின் துளைகள் வேறிடத்தில் இருக்கும். ரம்பத்தால் அறுத்து, டிரில்லால் குடைந்து, அரம் போட்டு, ஒரு பெட்டிக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட எடுத்துக்கொள்வார். ஏன் இந்த வேலை என்று கேட்டால் அவரிடம் காரணம் இருந்தது. புதுப் பெட்டிகளின் தகரம் அப்பளம் கனம்தான், இந்த ஊர்ப் பனிமூட்டத்துக்கு இரண்டு ஐப்பசி தாங்காது என்பார். ஒரு தடவை என்னிடம், "புதுசெல்லாம் கண்ணாடியும் கலர் லைட்டுமாக் கெடக்குங்க. உள்ள நடக்குறத ஊருக்கே காட்டணுமா?" என்றார். உள்ளே நடப்பதைக் காட்ட விரும்பாத ஆள் என்று அன்றைக்கே மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொண்டது அது மட்டுமில்லை. பழைய பெட்டிக்குள் புதுச் சாமானை வைக்கத் தெரிந்தவருக்கு, புதுப் பெட்டிக்குள் பழைய சாமானை வைக்கத் தெரியாதா? இந்தக் கேள்வி ஒருநாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் கடையைக் கடக்கும்போதெல்லாம் அது கூடவே நடந்து வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் இருபது வருடங்களுக்கு மேல் தாண்டிக்குடியில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவர். எஸ்டேட் கைமாறியபோது, ஆபீசில் அவர் தட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். ஜீப்பில் அந்த மலைப்பாதை வளைவுகள் முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அது ஓடவில்லை. ஓடினாலும் இப்போதைய சோலிக்கு உதவாது. ஆனால் விடுதியின் முன்மேசையில் அந்தப் பெட்டிதான் இருக்க வேண்டும், பாயிடம் கொடுத்து உள்ளே புதியதை வைக்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். மனுஷர் தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் என்பதால் சரி என்றேன். ஆனால் சாமான்களைப் பாய் வாங்கக் கூடாது, மதுரையில் இருக்கும் நம் மகள் வாங்கி அனுப்பட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மகள் பஸ்ஸில் போட்டுவிட்ட அட்டைப்பெட்டியை நானே போய் எடுத்து வந்தேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் ஒவ்வொன்றாக உறையைப் பிரித்தேன். மகள் அலமாரியில் விட்டுப்போன நெயில் பாலிஷ் ஒன்று இருந்தது, நல்ல இரத்தச் சிவப்பு. மதர்போர்டின் மூலையில் ஒரு பொட்டு, டிஸ்க்கின் முதுகில் ஒரு பொட்டு. சாமானை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ரகசியமாக ஓர் அடையாளம் வைப்பது நான் கண்டுபிடித்ததில்லை, எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். மிச்சம் இருந்தவை ராம் என்கிற இரண்டு பச்சைப் பட்டைகள், சீப்பு அளவில். ஒரு ஓரத்தில் சீப்புப் பற்கள் போலவே தங்க நிறத்தில் வரிசை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து தங்கம் எடுக்கிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். திருடுகிறவன் எதற்குத் திருடுவான், இந்தத் தங்கத்துக்குத்தானே என்று கணக்குப் போட்டு, இரண்டு பட்டைகளிலும் பொட்டைச் சரியாக அந்தப் பற்களின் மேலேயே வைத்தேன். காயவிட்டு, உறையில் போட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பத்து நாளும் ஏதாவது ஒரு சாக்கில் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் வேலை செய்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஒரு திருகாணிக்கு இடம் குறிக்க மூன்று தடவை அளப்பார். மேசையின் ஓரத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு பகலெல்லாம் எரிந்துகொண்டிருக்கும், ஈரம் ஏறிய போர்டுகளை அதற்குள் வைத்துக் காய வைப்பார். தின்னர் வாசம் எப்போதும் இருக்கும். பூட்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பெட்டியில் முன்பே ஒரு பூட்டு இருந்தது, ஆனால் அது கீபோர்டை மட்டும் பூட்டும். மூடியையே பூட்ட வேண்டும், என்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பீரோப் பூட்டு ஒன்றைச் சிறிதாக அறுத்து, வெளியே பார்த்தால் பழைய பூட்டு போலவே இருக்கும்படி பொருத்தினார்.

அந்த எண்ணின் கதையும் அப்போதுதான் நடந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரின் வேகத்தைக் காட்டத்தான் முகப்பில் எண் எரியுமாம். என்ன நம்பர் வைக்கட்டும் என்று கேட்டார். உண்மையான நம்பரை வையுங்கள் என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சிரித்தார். "இதுல உண்மையான நம்பரே கெடையாதுங்கம்மா. வேகத்த இது அளக்காது. அந்தக் காலத்துலயும் நாங்க நம்பருக்குப் பின்னாடி இருக்குற ஊசிய மாத்திக் குத்தி வச்சதுதான்." அப்படியென்றால் அத்தனை வருடமும் எங்கள் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீசில் பார்த்துப் பெருமைப்பட்ட எண், யாரோ ஒரு மெக்கானிக் தன் இஷ்டத்துக்குக் குத்திவிட்டது. இப்படி வாய் கூசாமல் ஒத்துக்கொள்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசியில் எங்கள் வீட்டு எண்ணை வைக்கச் சொன்னேன்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கினார். நாற்பத்தேழு பச்சையாக எரிந்தது. பழைய பெட்டி சட்டென்று விழித்துக்கொள்ள, அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் இளகிவிட்டது. அந்த இளக்கம் மறுநாள் காலைவரைதான். அவர் காய்கறி வாங்க வெள்ளனே கிளம்பிப் போனதும் மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். மதர்போர்டில் என் பொட்டு இருந்தது. டிஸ்க்கிலும் இருந்தது. ராம் பட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. மகளிடம் போனில் கேட்டுக்கொண்டபடி ஓரத்துக் கொக்கியை அமுக்கி, முழுவதும் வெளியே எடுக்கப் பயந்து, அரை விரல் அளவு மட்டும் தூக்கி, டார்ச் அடித்துப் பற்களைப் பார்த்தேன். தங்கம் பளபளவென்று இருந்தது. பொட்டு இல்லை. அடுத்ததையும் தூக்கினேன். அதிலும் இல்லை. நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பட்டைகளை அமுக்கிவிட்டு, மூடியைப் பூட்டிக்கொண்டு, நேராக பஜாருக்கு நடந்தேன். கடையில் அப்போது ஏரிப் பக்கம் விடுதி வைத்திருக்கும் ஒருவரும், பிரிண்டர் ரிப்பேருக்கு வந்த ஒரு டீச்சரும் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்திருக்கலாம். எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. ராம் இரண்டிலும் நான் அடையாளம் வைத்திருந்தேன் பாய், இப்போது இல்லை, என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். அந்த இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்த அடையாளத்த நான்தாங்கம்மா அழிச்சேன்" என்றார். வழக்கம்போல அங்கே நிறுத்தினார்.

"கேட்டீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்று நான் அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் நானே பேசியதுதான். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அது எனக்கு இன்னொரு சாட்சியாகப் போயிற்று. விடுதிக்காரர்கள் மாதத்துக்கு ஒரு தடவை கூடும்போது சொன்னேன். பால் வாங்குமிடத்தில் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் மூன்று விடுதிக்காரர்கள் பாயிடம் கொடுத்திருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். டீச்சரின் பள்ளிக்கூடமும் வேறு ஆளைத் தேடிக்கொண்டது.

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் சண்டை போடுகிறவரில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீ பாத்தியா, இல்ல நெனச்சியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். பொய்யில்லை, பார்த்ததைத்தான் சொன்னேன். சில நாள் கழித்து அவர் பஜாரிலிருந்து திரும்பி வந்து, பெட்டியை இன்னொரு தடவை திறந்து நன்றாகப் பார்க்கச் சொல்லிப் பாய் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். எனக்கு மேலும் சந்தேகம் வந்தது. மறுபடி திறந்தால், திறந்தபோது நீங்களே மாற்றிவிட்டீர்கள் என்று பழியைத் திருப்பலாம் இல்லையா? திறக்க முடியாது என்றேன். வீட்டுக்காரரின் நல்ல மனதையும் நம்பாமல், சாவியை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தேன்.

அடுத்த வருடம் பாய் கடையைக் காலி செய்துவிட்டுப் பழனிக்கு இறங்கிவிட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்றார்கள். இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட குளிர் இப்போது மட்டும் என்ன என்று நான் கேட்டேன். குற்றமுள்ள நெஞ்சு ஓடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்சுவரில் இருந்த பெட்டிகளையெல்லாம் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் போனாராம். அந்த இடத்தில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள்.

நான்கு மழைக்காலம் போயிற்று. கம்ப்யூட்டர் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. போன ஐப்பசியில்தான், வேகம் போதவில்லை, ராம் கூடுதலாகப் போட்டுக்கொள் என்று மகள் இரண்டு புதிய பட்டைகளை அனுப்பினாள். பழைய பழக்கம் விடுமா? நெயில் பாலிஷ் எடுத்து, அதே போலத் தங்கப் பற்களின் மேல் பொட்டு வைத்தேன். ஏரிக்குப் போகும் வழியில் புதிதாகக் கடை போட்டிருக்கும் பெண்ணை வீட்டுக்கே வரவழைத்தேன். திண்டுக்கல்லில் படித்தவள், கலகலவென்று பேசுவாள். அரிசி டின்னிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டு, அவள் கையையே பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தேன். பழைய பட்டைகளை உருவி மேசையில் வைத்தாள். புதியவற்றைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். நாற்பத்தேழு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப் பீப் என்று சத்தம்.

அவள் பட்டையை உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, யாரு இதுல நெயில் பாலிஷ் போட்டது? இந்தப் பல்லு வழியாத்தான் கரண்டே போகணும். பெயின்ட் அடிச்சு வச்சா எப்பிடி ஓடும்?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்தாள். துணியில் நனைத்து ஒரே இழுப்பில் துடைத்தாள். பற்கள் பளபளத்தன. துணியில் சிவப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழிச்சேன் என்றுதானே அவர் சொன்னார். அழிக்காமல் இது எப்படி ஓடியிருக்கும்?

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் மேசையில் கிடந்த பழைய பட்டைகளைப் புதியவற்றின் உறையில் போட எடுத்தாள். "இதுலயும் ஒண்ணு வச்சிருக்கீங்க. ஆனா இது கரெக்டான எடம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். பற்களுக்கு நேர் எதிர் மூலையில், பட்டையின் மறுபக்கத்தில், மின்சாரம் போகாத இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. இன்னொன்றிலும் அதே இடத்தில். என்னுடைய சிவப்பு இல்லை, கொஞ்சம் வெளிறிய சிவப்பு. பாய் இதற்காகவே பஜாரில் நெயில் பாலிஷ் ஒன்று வாங்கியிருக்கிறார். மூன்று தடவை அளக்கிற அந்தக் கையால் என் அடையாளத்தைத் திரும்ப வைத்திருக்கிறார். நான் பல்லைத்தான் பார்த்தேன். மறுபக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் சொல்லாமல் நிறுத்திய பாதி இதுதான். இரண்டு பேர் முன்னால், பல்லில் சாயம் பூசிய முட்டாள்தனத்தைச் சொல்லி என்னை அசிங்கப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் அவரை அசிங்கப்படுத்த அந்த இரண்டு பேர் போதாமல் ஊரையே கூட்டினேன்.

முதலில் யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அது நினைத்த மாதிரி நடக்கவில்லை. ஏரிப் பக்கத்து விடுதிக்காரருக்கு ராம், பொட்டு எதுவும் நினைவில்லை, சொன்னது நான் என்பதுகூட நினைவில்லை. சாமானை மாத்துற பாய் என்பது மட்டும் நினைவிருந்தது. விளக்கிச் சொன்னதும், சரி விடுங்க, ஊரைவிட்டுத்தான் போயிட்டாரே என்றார். டீச்சர், அன்றைக்கே தனக்கு மனசு கேட்கவில்லை என்றார். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

பிறகு பழைய பட்டைகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பழனிக்கு பஸ் ஏறினேன். கூட வருகிறேன் என்ற வீட்டுக்காரரை வேண்டாம் என்றேன். அண்ணன் கடையில் பாய் ஒரு கெஜக்கோலோடு நின்று துண்டுத் துணி அளந்துகொண்டிருந்தார். மஃப்ளர் இல்லாமல் கழுத்து வெறிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நம்பர் எரியுதுங்களா?" என்பதுதான். எரியுது பாய் என்றேன். கைக்குட்டையை அவிழ்த்து, பொட்டு மேலே தெரியும்படி பட்டைகளை அவர் முன் வைத்தேன். தப்புப் பண்ணிட்டேன் பாய் என்று சொல்ல ஆரம்பித்து, அழுகை முட்டிக்கொண்டு வந்து, முடிக்க முடியவில்லை. இந்தத் தடவை வாக்கியத்தைப் பாதியில் விட்டவள் நான். அவர் அதை முடித்துவைக்க அவசரப்படவில்லை. டீ வரவழைத்தார்.

திரும்பக் கொடைக்கானலுக்கு வரலாமே, நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் பட்டைகளைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"ஜவுளி நல்ல சோலிங்கம்மா" என்றார். வழக்கம்போல அங்கே நிறுத்தினார். நான் காத்திருந்தேன். "விரிச்சுக் காட்டிருவோம். ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க."

கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கடைவாசல்வரை வந்து, வெயிலுக்கு முன்னால் வெரசா பஸ் பிடிங்க என்று வழியனுப்பினார். மலையேறும் பஸ்ஸில் வரும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் என்னை மன்னித்தாரா, கடை தேடி வந்தவளுக்குச் செய்கிற மரியாதையைச் செய்தாரா? இந்தச் சந்தேகத்துக்கு எந்த மூடியைத் திறந்தும் விடை கிடைக்காது.

பெட்டியின் சாவி இப்போது அரிசி டின்னில் இல்லை. அறைச் சாவிகளோடு பலகையில் தொங்குகிறது. பூண்டை இன்னமும் உடைத்துப் பார்க்கிறேன், சிலிண்டரையும் தொங்கவிடுகிறேன், அதெல்லாம் மாறவில்லை. போன வாரம் தங்கியிருந்த ஒரு குடும்பத்துப் பெண் முன்மேசையில் சாய்ந்துகொண்டு, அந்த நாற்பத்தேழு என்ன, கம்ப்யூட்டரின் வேகமா என்று கேட்டாள். இல்லை, சும்மா வைத்த எண், அது எதையும் அளக்காது என்றேன். வைத்தவர் முதலிலேயே அதை என்னிடம் சொல்லிவிட்டார் என்றும் சொன்னேன்.